குடைக்கு ஒரு நாற்காலி

எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று எல்லாரும் சொல்வார்கள். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், வீட்டில் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். யார் சொன்னாலும் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வரும். ஷமீமா சொன்னால் மட்டும் சிரிப்பு வந்துவிடும். அவள் அப்படிச் சொல்லி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

இரண்டு வருடமாக நாங்கள் பேசவில்லை. சிங்கப்பூரில் பள்ளியின் தொடக்கநிலை ஒன்றிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், ஒருத்தி தட்டில் இன்னொருத்தி கைவைத்துச் சாப்பிட்டவர்கள், நாற்பத்தைந்து வயதில் பேச்சை நிறுத்திக்கொண்டோம். போன புதன்கிழமை காலை தஞ்சோங் பகாரில் ரயிலை விட்டு இறங்கி அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது.

"நிரு, சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு தேக்கா வர முடியுமா? நம்ம பழைய இடம். அடுத்த வாரம் ஹஜ்ஜுக்குப் போறேன்."

நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என்மேல் மோதி, சாரி சொல்லிவிட்டு விலகிப் போனார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் தெரிந்தவர்கள் எல்லாரிடமும் மாப்பு கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனசைப் புண்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள். அவளுடைய பெரியம்மா போனபோது நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். வட்டலப்பத்தைக் கரண்டியால் வழித்துத் தின்றுகொண்டே பார்த்தேன். வந்தவர்கள் எல்லாரையும் பெரியம்மா கட்டிப்பிடித்து அழுதார். பத்து வயதுப் பெண்ணான என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டு, "உன்ன ஒரு நாள் திட்டிட்டேன்லம்மா, மனசுல வச்சுக்காத" என்றார். எனக்கு அது ஞாபகமே இல்லை.

ஆக ஷமீமாவுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் நான் எத்தனையாவது ஆள்? மாமியார், நாத்தனார், மேல்மாடி சீன ஆன்ட்டி எல்லாம் முடிந்து கடைசியில் நிரஞ்சனாவா? என் புத்தி இப்படித்தான் போகும். கல்லில் கட்டியாகிவிட்ட சிமெண்டு மாதிரி, இனி மாற்ற முடியாது. "பாக்கலாம்" என்று தட்டினேன், அழித்தேன். "எதுக்கு?" என்று தட்டினேன், அதையும் அழித்தேன். கடைசியில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பினேன். நாற்பது வருடச் சிநேகிதிக்குக் கட்டைவிரல்! சீ, என்ன பிறவியோ நான்.

நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஷமீமாவின் அத்தா ஜமால் முகம்மது ஜாலான் புசாரில் குழாய், ஆணி, கயிறு விற்கிற கடை வைத்திருந்தார். என் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனதால் பள்ளி விட்டதும் நானும் ஷமீமாவும் அந்தக் கடைக்குத்தான் போவோம். பெயிண்டு டப்பாக்களின் மேல் பலகை போட்டு எங்களுக்கு மேசை செய்து கொடுத்திருந்தார். கணக்கு வராவிட்டால் நட்டும் போல்ட்டும் வைத்துச் சொல்லிக் கொடுப்பார். நானும் அவரை அத்தா என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு இரண்டு அப்பா என்று பள்ளியில் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்த அத்தா இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில் இறந்துபோனார். எங்கள் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஷமீமா காலை ஏழு ஐம்பதுக்கு எழுதியிருந்தாள்: "அத்தா மவுத் ஆயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." நான் அந்தக் குழுவை ஊமையாக்கி வைத்திருந்தேன். வைஷாலி என்று ஒருத்தி தினமும் காலையில் ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் சொல்வாள், அதற்கு இருபது பேர் பதில் ரோஜா அனுப்புவார்கள். எனக்கு எரிச்சல். சத்தத்தை நிறுத்திவிட்டு வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். அன்றைக்கு அதைத் திறந்து பார்த்தபோது மாலை ஐந்தேகால். அவர்கள் வழக்கத்தில் காத்திருக்க மாட்டார்கள், மத்தியானத் தொழுகை முடிந்து அன்றைக்கே அடக்கியிருப்பார்கள். ரோஜாப்பூக்களுக்கு நடுவில் அத்தாவின் மரணம் இருந்தது, அவர் மண்ணுக்குள் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

பாசிர் ரிஸ்ஸில் அவள் வீட்டுக்கு ஓடினேன். மழை. கதவு திறந்தே இருந்தது. என்னைப் பார்த்ததும் ஷமீமா எழுந்து வந்து, "நீ வரல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? காலில் விழுந்திருக்க வேண்டும், கட்டிப்பிடித்து அழுதிருக்க வேண்டும். நான் சொன்னது இது: "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? குரூப்ல போட்டா நான் பாப்பேன்னு உனக்கு யாரு சொன்னா? நான் என்ன குரூப்ல ஒரு ஆளா?" துக்க வீட்டில், பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்த இடத்தில், சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தேன். செங்காங்கில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் குடையை அவள் வாசலில் விட்டுவிட்டது தெரிந்தது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே போனை அணைத்துப் பைக்குள் அடியில் போட்டுவிட்டேன். கோபத்தில் இல்லை, பயத்தில். "சாரி நிரு, வர முடியல" என்று ஒரு வரி வந்துவிடும் என்று பயம். ரயிலில் போகிற இருபத்தைந்து நிமிடமும் அந்த வரியைப் படிக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அவளைப் பார்த்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். "தப்பு என்மேலதான்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். நாலு தடவை சொன்னதும் அது என் குரல் மாதிரியே இல்லை.

தேக்கா உணவங்காடிக்குள் நுழையும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் தேக்காவில் நாற்காலி கிடைப்பது லாட்டரி விழுகிற மாதிரி. தட்டை ஏந்திக்கொண்டு பத்துக் குடும்பம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள், இல்லாவிட்டால் டிஷ்யூ பாக்கெட் உட்கார்ந்திருந்தது. பிரியாணிக் கடை வரிசையில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாலு பேர் மேசைதான் எங்கள் பழைய இடம். அங்கே நாலு நாற்காலியும் காலியாக இருந்தது. மேசைமேல் ஒரு குடை கிடந்தது.

சே, யாரோ பிடித்துவிட்டார்கள்.

கருநீலக் குடை, வெள்ளை எழுத்து. ஏதோ ஒரு வங்கியில் கடன் அட்டை எடுத்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த குடை அது, மழைநாளில் எந்த ரயிலில் ஏறினாலும் பெட்டிக்கு மூன்று பேரிடமாவது இருக்கும். என்னிடமும் ஒன்று இருந்தது, பாசிர் ரிஸ்ஸில் விட்டுவிட்டு வந்தது அதுதான். ஒருத்தர் டிஷ்யூவோ குடையோ வைத்துப் பிடித்த இடத்தில் இந்த ஊரில் யாரும் உட்கார மாட்டோம். பசியில் மயக்கமே வந்தாலும் மாட்டோம். போலீஸ் இல்லை, அபராதம் இல்லை, எழுதி வைத்த சட்டமும் இல்லை. ஆனாலும் அந்தக் குடையைத் தொட என் கை வராது. அதனால் ஷமீமா வந்தால் கண்ணில் படட்டும் என்று அந்த மேசைக்குப் பக்கத்திலேயே, தூணில் சாயாமல், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டு ஐந்து ஆனது. மழை பிடித்துக்கொண்டது.

கூட்டத்துக்கு நடுவில் அசையாமல் நின்றிருக்கிறீர்களா? கொஞ்ச நேரத்தில் உங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆட்கள் இரண்டு பக்கமும் விலகிப் போவார்கள், தட்டுகள் தோளுக்குப் பக்கத்தில் மிதந்து போகும். கூரைமேல் மழைச் சத்தம், பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுகிற சத்தம், தமிழ், சீனம், மலாய், வங்காளம், எல்லாம் கலந்து ஒரே இரைச்சலாகி, அப்புறம் அந்த இரைச்சலும் தூரப் போய்விட்டது. விசிறிக் காற்று தலைமேல் வட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வயது ஒன்பது மாதிரியும் இருந்தது, நாற்பத்தேழு மாதிரியும் இருந்தது. பிரியாணிக் கடை வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட முதுகு ஒன்று தெரிந்தபோது, அத்தா எனக்குக் கோழிக்கால் கேட்டு வாங்குகிறார் என்றே நினைத்தேன்.

அத்தா சனிக்கிழமை மத்தியானம் கடையை ஒரு மணி நேரம் அடைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் இங்கே கூட்டிவருவார். அவர் டிஷ்யூ வைத்து இடம் பிடிக்க மாட்டார். "டிஷ்யூ காத்துல பறக்கும்மா, குடை பறக்காது" என்பார். எங்களை உட்காரவைத்து, தன் நாற்காலியில் தன்னுடைய பெரிய கறுப்புக் குடையைச் சாய்த்துவிட்டுச் சாப்பாடு வாங்க வரிசைக்குப் போவார். அங்கே நிற்கும்போதும் கண் எங்கள்மேல் இருக்கும். யாராவது வயதானவர் தட்டோடு தடுமாறுவது தெரிந்தால் வரிசையிலிருந்தே கத்துவார்: "குடைய கீழ வச்சிட்டு உக்காருங்கண்ணே! குடைக்கு எதுக்கு நாற்காலி?" எங்களுக்குக் கோபம் வரும். அப்போ நீங்க எங்கே உட்காருவீங்க என்று சண்டை பிடிப்போம். அவர் தூணில் சாய்ந்து நின்றபடியே தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிடுவார், எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

இதையெல்லாம் ஒரு குடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் நினைத்தேன். அப்படி நினைத்தும் என் மரமண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் தே தாரே டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் துண்டு, எதிரில் மடித்த செய்தித்தாள். என்னை இரண்டு மூன்று தடவை பார்த்தார்.

"உக்காரும்மா, கால் வலிக்கப் போவுது" என்றார்.

"இல்லண்ணே, யாரோ இடம் பிடிச்சிருக்காங்க."

"சரி சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் செய்தித்தாளுக்குள் போனார். ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

பன்னிரண்டரை. எனக்குள்ளே பழைய நெருப்பு பற்ற ஆரம்பித்தது. ஒத்திகை பார்த்த வார்த்தையெல்லாம் ஒன்றொன்றாக உதிர்ந்தது. அவள் வரமாட்டாள். வரச் சொல்லிவிட்டு, என்னைக் காக்கவைத்து, நான் அன்றைக்கு வராததற்கு இன்றைக்குப் பழி தீர்க்கிறாள். நல்லா இரு லா, புண்ணியவதி, என்னைப் பட்டியலில் இருந்து அடித்துவிட்டுப் போ. கண்ணில் நீர் முட்டியது. அதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இன்னும் கோபம். பன்னிரண்டு நாற்பதுக்குப் பொறுக்க முடியாமல் அந்தக் குடையைக் காட்டிப் பெரியவரிடமே பொரிந்தேன்.

"யாருண்ணே இது? அம்பது நிமிஷமா ஒரு மேசைய பிடிச்சு வச்சிக்கிட்டு ஆளையே காணோம். சனிக்கிழமையும் அதுவுமா இவ்ளோ பேரு நிக்கிறாங்க, கொஞ்சமாச்சும் மனசாட்சி வேணாமா?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். "தலையில ரோஸ் துணி போட்ட ஒரு தங்கச்சி வச்சதும்மா அது. வச்சிட்டு அந்தாண்ட பழச்சாறு கடைகிட்ட போய் நின்னுச்சு. நீங்க வந்ததுலேருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்துச்சு. இப்ப பத்து நிமிஷம் முன்னாடிதான் கண்ணத் தொடச்சிக்கிட்டுப் போச்சு."

"ஏண்ணே சொல்லல?"

"நீங்க ரெண்டு பேருக்குள்ள என்னமோ பந்தயம்னு நெனச்சேன்" என்றார் பாவமாக.

நான் குடையை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை அடுத்தவர் பிடித்த இடத்தில் கை வைத்தேன். திருப்பியதும் தெரிந்துவிட்டது. குடையைச் சுருட்டிக் கட்டுகிற பட்டை அறுந்துபோனதால் என் பச்சை ரப்பர் வளையத்தை, கூந்தலுக்குப் போடுகிறதை, நான் மாட்டி வைத்திருந்தேன். அது அப்படியே இருந்தது. என் குடை. எனக்காகப் பிடித்து வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஐம்பது நிமிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

போனை உயிர்ப்பித்தேன். மூன்று செய்திகள். பதினொன்று நாற்பதுக்கு: "நிரு, இடம் பிடிச்சிட்டேன். அத்தா மாதிரியே குடை வச்சிருக்கேன், உன் குடைதான், பாத்தா தெரியும். நீயா வந்து உக்காந்தா சந்தோஷம்." பன்னிரண்டு பத்துக்கு: "நேர்ல வந்து கூப்பிட பயமா இருக்கு. நீ உக்காரு, நான் வர்றேன்." பன்னிரண்டரைக்கு: "நீ உக்கார மாட்டேங்குற. புரியுது. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல, நீயும் என்னப் பொறுத்துக்க. அத்தா கடைகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வீட்டுக்குப் போறேன்."

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. பைக்குள்ளிருந்து அலுவலக அட்டையை உருவி மேசைமேல் எறிந்தேன்.

"அண்ணே, இந்த இடத்தப் பாத்துக்கங்க. வந்துருவேன்."

"ஓடும்மா, மருதப்பன் இருக்கேன், எவனும் உக்கார முடியாது" என்று துண்டை உதறி எதிர் நாற்காலியில் போட்டார்.

சிராங்கூன் சாலையைக் கடந்து டன்லப் தெருவுக்குள் நுழைந்தேன். மழை கண்ணை மறைத்தது. குடையை விரித்தபோது ஒரு கணம் நின்றேன். என் குடையில் ஒரு கம்பி துணியை விட்டுக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தூக்கிப் போட வேண்டும் என்று இருந்தேன். இப்போது அந்தக் கம்பியை நீல நூலால் இழுத்துத் தைத்திருந்தாள், நெருக்கமாக, பொறுமையாக. துணி துவைத்துக் காயவைத்த வாசம் அடித்தது. கோபமாக இருக்கிறவள் யாராவது எதிரியின் குடையைத் தைத்து வைப்பாளா? எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் அழுதுகொண்டே நடந்தேன், மழையில் யாருக்குத் தெரியப்போகிறது.

மழையில் அந்தத் தெரு வேறு ஊர் மாதிரி இருந்தது. மஞ்சள், பச்சை, ஊதா பூசிய கடைவீடுகள் தரையில் தலைகீழாகக் கிடந்தன, நான் அவற்றின் சன்னல்கள்மேல் மிதித்து நடந்தேன். பள்ளிவாசல் வாசலில் செருப்புகள் வரிசையாக நனையாமல் ஒதுங்கியிருந்தன. எதிரில் ஒரு ஆளும் இல்லை. இரண்டு வருடமும் இந்த ஒரே தெருவில்தான் நடந்துகொண்டிருந்தேன், இன்னும் முடியவில்லை என்று தோன்றியது. ஆனால் தெரு முடிந்தது, ஜாலான் புசார் வந்தது.

அத்தாவின் கடை இப்போது சின்ன ஹோட்டல். கண்ணாடிக் கதவு, உள்ளே பூச்சாடி. அதற்கு எதிர்ப்பக்கத்து அஞ்சடியில், கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடுகிற அந்த ஒடுக்கமான நடைபாதையில், ரோஜா நிற முக்காடு தெரிந்தது. ஷமீமா ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். அத்தாவுக்கு இருந்த அதே கூன் அவள் தோளில் லேசாக விழுந்திருந்தது. அவளைப் பார்த்த உடனே நான் சொல்ல வேண்டியதெல்லாம் தொண்டைக்கு வந்தது. வாயில் வந்தது வேறு.

"லூஸாடி நீ? குடைய வச்சு இடம் பிடிச்சிருந்தா நான் எப்படி லா உக்காருவேன்? அடுத்தவங்க இடம்னு அம்பது நிமிஷம் நிக்கிறேன்! காலு போச்சு!"

அவள் திரும்பினாள். என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியலயா?" என்றாள்.

"எப்படித் தெரியும்? சிங்கப்பூர்ல பாதிப் பேருகிட்ட இந்தக் குடை இருக்கு!"

"மெசேஜ் போட்டேனே."

"போன ஆஃப் பண்ணிட்டேன்."

"மறுபடியுமா?" என்றாள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. நான் குடையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டேன். ஒரு கம்பி அவள் முக்காட்டில் மாட்டிக்கொண்டது. ஹோட்டல் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்.

"தப்பு என்மேலதான்" என்றேன். இப்போது அது என் குரலாகவே இருந்தது. "பூப்படம் வருதுன்னு குரூப்ப ஊமையாக்கி வச்சிருந்தேன். அத்தா போனத அஞ்சேகாலுக்குப் பாத்தேன். என்மேல இருந்த ஆத்திரத்த உன்மேல கொட்டிட்டேன். மன்னிச்சிருடி."

ஷமீமா முக்காட்டைக் கம்பியிலிருந்து மெதுவாக விடுவித்தாள். "நான்தான் உங்கிட்ட மாப்பு கேக்கணும்."

"ஆமா, எல்லார்கிட்டயும் கேக்குறல்ல. நான் எத்தனையாவது ஆள்?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"மொத ஆளு. இன்னும் யாருகிட்டயும் போகல. உங்கிட்ட கேக்காம வேற யாருகிட்டயும் கேக்க முடியல." அவள் எதிரே இருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். "நீ அன்னிக்குக் கேட்டது சரிதான் நிரு. நான் உனக்குப் போன் பண்ணல. மாமாவுக்குப் பண்ணேன், சித்திக்குப் பண்ணேன், நாகூருக்குப் பண்ணேன். எல்லார்கிட்டயும் அழாம சொன்னேன். உன் நம்பர எடுத்தேன், வச்சிட்டேன். மறுபடியும் எடுத்தேன், வச்சிட்டேன்."

"ஏன்டி?"

"மத்தவங்ககிட்ட சொன்னா சேதி. உங்கிட்ட சொல்லிட்டா அத்தா நெஜமாவே போயிட்டாங்கன்னு ஆயிடும். அதான் குரூப்ல போட்டேன். நீ பாக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். நீ எந்தக் காலத்துல குரூப்ப பாத்திருக்க? தெரிஞ்சே போட்டேன். அப்புறம் நீ வரலன்னு உன்மேலயே கோபப்பட்டேன். என்னப் பொறுத்துக்க."

இரண்டு வருடம் நான் சுமந்ததில் பாதியை அவள் சுமந்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவள் தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது. நான் தலையைத்தான் தடவினேன். அவளுடைய ரோஜா முக்காடு நனைந்திருந்தது.

"பொறுத்துக்கிட்டேன்" என்றேன். "பசிக்குது. வா, ஒரு அண்ணன் நம்ம இடத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு."

ஒரே குடைக்குள் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு திரும்பி நடந்தோம். அவள் வலது தோளும் என் இடது தோளும் நனைந்தன. அவளுடைய வீட்டுக்காரர் இர்ஃபானுக்கு முழங்கால் வலி, மக்காவில் எப்படி நடப்பாரோ என்று கவலைப்பட்டாள். வைஷாலி இப்போது ரோஜாவை விட்டுவிட்டுத் தாமரை அனுப்புகிறாள் என்றாள். எனக்குத் தெரியாது என்றேன், அவள் என் கையில் கிள்ளினாள்.

மருதப்பன் அண்ணன் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார். மேசையில் என் அட்டை இருந்தது, நாற்காலியில் அவர் துண்டு இருந்தது. "மூணு குடும்பத்த வெரட்டிட்டேன்" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு, வேறு எதுவும் கேட்காமல் கிளம்பிவிட்டார். நான் இரண்டு பிரியாணி வாங்கி வந்தேன். ஷமீமா அதற்குள் குடையைச் சுருட்டி, பச்சை வளையத்தை மாட்டி, தூணுக்குப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தாள். அது அத்தாவின் நாற்காலி. நாலாவது நாற்காலியை யாரோ கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் குடையைப் பார்க்காமல் சாப்பிட்டோம்.

அப்போது ஒரு சீனப் பாட்டி வந்து நின்றார். ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் ஆவி பறக்கிற கஞ்சிக் கிண்ணம். சுற்றிப் பார்த்துவிட்டு, குடையைத் தாடையால் காட்டி, ஆள் இருக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஷமீமா என்னைப் பார்த்தாள். அவள் வாயில் இருந்த சோற்றை மெல்லாமல் வைத்திருந்தாள். அவளால் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அத்தா போன அன்றைக்குக் காலையில் என் நம்பரை எடுத்து எடுத்துக் கீழே வைத்தவள் அவள். யாராவது சொல்ல வேண்டும், அதை நான்தான் சொல்ல வேண்டும்.

நான் எழுந்து குடையை எடுத்து மேசைக்கு அடியில், என் காலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தேன்.

"இல்ல ஆன்ட்டி. ஆள் இல்ல" என்றேன் ஆங்கிலத்தில். "உக்காருங்க."

பாட்டி கிண்ணத்தை வைத்துவிட்டு, கைத்தடியை மேசை விளிம்பில் மாட்டி, பெருமூச்சோடு உட்கார்ந்தார். நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். என் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பிரியாணிக்குள் விழுந்தது. ஷமீமா தன் தட்டிலிருந்த கோழிக்காலை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"இப்ப நீ வந்துட்டடி" என்றாள்.